உணவு நெஞ்சில் நிற்கும் நோய்: ஈசினோஃபில் உணவுக்குழாய் அழற்சியை நெடுங்காலம் கையாளும் முறை

ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து இறக்குகிறவர்களையும், பந்தியில் கடைசியாக இலையை மூடுகிறவர்களையும், இறைச்சித் துண்டைக் கண்டாலே ஒதுக்கிவிடுகிறவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். ‘அவசரப்படாமல் மென்று சாப்பிடு’ என்ற அறிவுரையோடு பெரும்பாலும் அந்தப் பேச்சு முடிந்துவிடும். அவர்களுள் சிலருக்கு உண்மையில் இருப்பது ஈசினோஃபில் உணவுக்குழாய் அழற்சி என்னும் நாள்பட்ட நோய். மருத்துவர்கள் இதை ஈசினோஃபிலிக் ஈசோஃபஜைடிஸ் என்பார்கள். பெரியவர்களில் இருபது வயதிலிருந்து ஐம்பதுக்குள் உள்ளவர்களிடம் அதிகமாகவும், பெண்களைவிட ஆண்களிடம் ஏறத்தாழ மூன்று மடங்காகவும் காணப்படுகிறது. ஆஸ்துமா, தும்மலோடு கூடிய மூக்கொழுகல், தோல் கரப்பான் போன்ற ஒவ்வாமைத் தொல்லைகள் ஏற்கெனவே உள்ளவர்களிடம் இது வருவது வழக்கம்.

ஈசினோஃபில் என்பது ஒரு வகை வெள்ளையணு. இரைப்பையிலும் குடலிலும் இவை இயல்பாகவே இருக்கும்; நலமான உணவுக்குழாயின் உள்சவ்வில் இவற்றுக்கு இடமில்லை. உணவில் உள்ள சில புரதங்களை உடல் எதிரியாகக் கருதும்போது இவை அங்கே திரண்டு வந்து சவ்வைப் புண்படுத்துகின்றன. நம் ஊர் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளில் ‘ஈசினோபிலியா’ என்ற சொல்லைப் பார்த்துப் பழகியவர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக்கூடும். ரத்தத்தில் இந்த அணுக்கள் கூடியிருப்பதற்குப் பூச்சித் தொற்று முதல் பல காரணங்கள் உண்டு. உணவுக்குழாய் நோய் உள்ள பலருக்கோ ரத்த எண்ணிக்கை இயல்பாகவே இருக்கும். ஆகவே ரத்தப் பரிசோதனையை வைத்து இந்த நோயை உறுதி செய்யவும் முடியாது, இல்லை என்று தள்ளவும் முடியாது.

1993இல் ஸ்டீஃபன் அட்வுட் தலைமையிலான குழுவும், அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்தில் அலெக்ஸ் ஸ்ட்ராவ்மன் குழுவும் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். அதற்கு முன்பு இத்தகையவர்கள் அமில எதுக்களிப்பு நோயாளிகள் என்றே கருதப்பட்டார்கள். இன்றும் அந்தக் குழப்பம் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை.

நோய் போகும் போக்கு

சிகிச்சையைப் பற்றிப் பேசுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்த நோயில் இரண்டு வேறுபட்ட காரியங்கள் நடக்கின்றன. முதலாவது அழற்சி, மருந்தாலோ உணவு மாற்றத்தாலோ அதை அடக்க முடியும். இரண்டாவது, அடங்காத அழற்சி ஆண்டுக்கணக்கில் விட்டுச்செல்லும் தழும்பு. உணவுக்குழாயின் சுவர் மெல்ல மெல்லத் தடித்து, நெகிழ்ச்சியை இழந்து, வளையம் வளையமாக இறுகி, இறுதியில் குழாயே குறுகிப்போகிறது. இந்தத் தழும்பை மருந்து கரைத்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

சுவிட்சர்லாந்தில் 200 நோயாளிகளை வைத்துச் செய்யப்பட்டு 2013இல் வெளியான ஓர் ஆய்வு இதை எண்களாகவே காட்டியது. முதல் அறிகுறி தோன்றி இரண்டு ஆண்டுகளுக்குள் நோய் கண்டறியப்பட்டவர்களில் சுமார் 17 விழுக்காட்டினருக்கே உணவுக்குழாய் குறுகியிருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கண்டறியப்படாமல் இருந்தவர்களிடம் அது ஏறத்தாழ 71 விழுக்காடாக இருந்தது. அறிகுறி தொடங்கியதற்கும் நோய் கண்டறியப்பட்டதற்கும் இடைப்பட்ட காலத்தின் நடுமதிப்பு ஆறு ஆண்டுகள். மருத்துவ வசதி மிகுந்த நாட்டிலேயே இந்த நிலை என்பதை நினைவில் கொள்ளலாம்.

ஆறுதலான செய்தியும் உண்டு. ஸ்ட்ராவ்மன் குழு 30 பெரியவர்களைச் சராசரியாக 7.2 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், விழுங்கும் சிரமம் கிட்டத்தட்ட எல்லாருக்கும் நீடித்தது. ஆனால் எவருக்கும் புற்றுநோய் வரவில்லை, ஊட்டமும் குன்றவில்லை. அதற்குப் பின் வந்த அனுபவமும் இந்த நோய் உணவுக்குழாய்ப் புற்றுநோயாக மாறுவதாகக் காட்டவில்லை. ஆயுளைக் குறைக்கும் நோய் அல்ல. சாப்பாட்டு வேளையின் நிம்மதியைத்தான் குறைக்கிறது. தானாகவே முற்றிலும் நீங்கிவிடுவது பெரியவர்களில் மிக அரிது.

முதலில் நோயை முறையாக உறுதி செய்தல்

‘விழுங்குவதில் சிரமம் உண்டா?’ என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். பல ஆண்டுகளாகத் தம்மையறியாமல் பழகிக்கொண்ட உத்திகளால் அவர்களுக்கே அது தெரிவதில்லை. ஆகவே மருத்துவரிடம் செல்லுமுன் உங்களை நீங்களே இப்படிக் கேட்டுக்கொள்ளுங்கள்: மற்றவர்கள் எழுந்த பிறகும் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேனா? தண்ணீர் இல்லாமல் இட்லியோ சப்பாத்தியோ இறங்குகிறதா? உணவை மிகச் சிறிதாகப் பிய்த்துக்கொள்கிறேனா, குழம்பையோ ரசத்தையோ அதிகம் ஊற்றிக் குழைத்துக்கொள்கிறேனா? இறைச்சியையும் கெட்டியான ரொட்டியையும் தவிர்க்கிறேனா? பெரிய மாத்திரையை உடைத்துத்தான் விழுங்குகிறேனா? இவற்றில் இரண்டு மூன்றுக்கு ஆம் என்று பதில் வந்தால் அதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். நம் ஊரில் சோற்றைப் பிசைந்து, மோரோ ரசமோ விட்டுக் கரைத்துச் சாப்பிடுவது இயல்பான பழக்கம் என்பதால் இந்த நோய் நெடுநாள் மறைந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

நோயை உறுதி செய்ய எண்டோஸ்கோப்பியும் திசுப் பரிசோதனையும் தேவை. குழாயின் மேற்பகுதி, கீழ்ப்பகுதி என்று குறைந்தது இரண்டு இடங்களிலிருந்து மொத்தம் ஆறு துணுக்குகளாவது எடுக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. அழற்சி திட்டுத்திட்டாக இருப்பதால் ஒரே துணுக்கை நம்ப முடியாது. பார்வைக்கு இயல்பாகத் தோன்றும் உணவுக்குழாயிலும் நோய் இருக்கக்கூடும். ஆகவே விழுங்கும் சிரமத்தோடு செல்பவர், பார்த்ததில் ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டாலும் பயாப்ஸி எடுத்தார்களா என்று கேட்கத் தயங்கக் கூடாது. நுண்ணோக்கியில் உயர்திறன் பார்வைப்புலம் ஒன்றில் 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஈசினோஃபில்கள் இருந்து, அறிகுறிகளும் பொருந்தி, வேறு காரணங்கள் விலக்கப்பட்டால் நோய் உறுதியாகிறது. அறிக்கையில் ‘ஈசினோஃபில்கள் உள்ளன’ என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. எண்ணிக்கையை எழுதித் தரும்படி கேளுங்கள். பின்னாளில் சிகிச்சை பலித்ததா என்று ஒப்பிட அந்த எண் தேவைப்படும்.

அழற்சியை அடக்கும் வழிகள்

அமிலத்தைக் குறைக்கும் பி.பி.ஐ. மாத்திரைகள், விழுங்கும் ஸ்டீராய்டு, உணவு விலக்கு, டுபிலுமாப் ஊசி ஆகியவை இன்று கையில் உள்ள வழிகள். எதை முதலில் எடுப்பது என்பது நோயின் கடுமை, செலவு, உங்கள் அன்றாட வாழ்க்கை ஆகியவற்றைப் பொறுத்தது.

பி.பி.ஐ. எளிதானது, விலை மலிவானது. ஒமிப்ரசோல் போன்ற மாத்திரையை வழக்கமாக நாளுக்கு இருவேளை, உணவுக்கு அரை மணி நேரத்துக்கு முன், எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். பத்துப் பேரில் நான்கைந்து பேருக்குத் திசு அளவிலேயே அழற்சி அடங்குகிறது. அமிலத்தைக் குறைப்பதோடு, ஈசினோஃபில்களை அழைக்கும் ஈயோடாக்சின்-3 என்ற புரதத்தின் உற்பத்தியையும் இம்மருந்து தடுப்பதால் இது சாத்தியமாகிறது. முன்பு, பி.பி.ஐ.க்குக் கட்டுப்பட்டால் அது வேறு நோய் என்று பிரித்துவைத்திருந்தார்கள்; 2018இல் வெளியான பன்னாட்டு ஒருமித்த கருத்து அந்தப் பிரிவினையை நீக்கியது. பலன் கிடைத்தால், மருத்துவரின் மேற்பார்வையில் பலன் தரும் மிகக் குறைந்த அளவுக்கு இறங்கலாம்.

விழுங்கும் ஸ்டீராய்டில்தான் நோயாளியின் கைத்திறன் பெரிதும் வேண்டியிருக்கிறது. மருந்து பலிக்கவில்லை என்று சொல்லப்படும் சில இடங்களில் உட்கொண்ட முறையே பிழையாக இருப்பதுண்டு. புளூட்டிகசோன், புடசோனைடு ஆகிய இரண்டும் ஆஸ்துமா மருந்துகளாகவே நமக்கு அறிமுகமானவை. இங்கே அவை நுரையீரலுக்குப் போகக் கூடாது, உணவுக்குழாயின் சுவரில் பூசினாற்போலப் படிய வேண்டும். புளூட்டிகசோன் இன்ஹேலரானால், இடையில் ஸ்பேசர் என்னும் இணைப்புக் குழல் எதுவும் இல்லாமல், மூச்சை அடக்கிக்கொண்டு வாய்க்குள் அழுத்தி, உள்ளிழுக்காமல் உமிழ்நீரோடு விழுங்க வேண்டும். நெபுலைசருக்கான புடசோனைடு திரவமானால், அது தண்ணீர் போல ஓடிவிடாதபடி தேன் போன்ற கெட்டியான பொருளில் குழைத்துச் சிறிது சிறிதாக விழுங்குவார்கள். பெரியவர்களுக்கு வழக்கமான தொடக்க அளவு நாளுக்கு மொத்தம் 2 மில்லிகிராம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் எதில் குழைப்பது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். காலை உணவுக்குப் பின் ஒரு முறை, இரவு படுக்கப் போகும்போது ஒரு முறை என்று வைத்துக்கொண்டு, விழுங்கிய பின் குறைந்தது அரை மணி நேரம் எதையும் உண்ணாமலும் குடிக்காமலும் இருக்க வேண்டும். அதன் பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பலாம். உடனே ஒரு வாய் காபி குடித்தால் மருந்து இரைப்பைக்குப் போய்விடும். அங்கே அதற்கு வேலையில்லை.

ஐரோப்பாவில் இந்த நோய்க்கென்றே வாயில் கரையும் புடசோனைடு மாத்திரைக்கு 2018இலும், அமெரிக்காவில் குடிக்கும் புடசோனைடு திரவத்துக்கு 2024 பிப்ரவரியிலும் ஒப்புதல் கிடைத்தது. மாத்திரையால் நோய் அடங்கிய 204 பெரியவர்களை 48 வாரங்கள் கவனித்த ஆய்வு, நோய் அடங்கிய பின்னும் சிகிச்சையை நிறுத்தக் கூடாது என்ற இக்கட்டுரையின் மையக் கருத்துக்கே சான்று. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு நோய் அடங்கியே இருந்தது. அளவைப் பாதியாக்கித் தொடர்ந்தவர்களுக்கும் ஏறத்தாழ அதே பலன் கிடைத்தது. வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் அந்த நிலையில் நீடித்தவர்கள் 4.4 விழுக்காடு மட்டுமே. அளவைக் குறைப்பது வேறு, நிறுத்துவது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஸ்டீராய்டு என்றதும் முகம் ஊதும், எலும்பு தேயும் என்ற அச்சம் எழுவது இயல்பு. விழுங்கப்படும் இந்த மருந்தில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடுவதால் உடல் முழுவதும் பரவுவது குறைவு. வாயிலும் உணவுக்குழாயிலும் கேண்டிடா என்னும் பூஞ்சைத் தொற்று வருவதே அடிக்கடி காணப்படும் பக்கவிளைவு. மருந்து கொடுத்தால் அது தீர்ந்துவிடும். கீட்டோகோனசோல், இட்ராகோனசோல் என்னும் பூஞ்சை மருந்துகள், ரிட்டோனவிர் என்னும் எச்.ஐ.வி. மருந்து போன்றவை ஸ்டீராய்டு சிதைவதைத் தடுக்கும் என்பதால், வேறு மருத்துவரிடம் செல்லும்போதும் இதை உட்கொள்வதைச் சொல்லிவிட வேண்டும். உடல் முழுவதும் பரவும் பிரட்னிசோலோன் மாத்திரையை நீண்ட காலம் எடுப்பது இந்த நோய்க்கு ஏற்ற வழியல்ல. ஆஸ்துமாவுக்குத் தரும் மாண்டெலுகாஸ்ட்டும் அலர்ஜி மாத்திரைகளும் உணவுக்குழாய் அழற்சியை அடக்குவதில்லை.

உணவு விலக்கு, நோயின் மூலத்தைத் தேடும் வழி. பால், கோதுமை, முட்டை, சோயா, வேர்க்கடலையும் கொட்டைகளும், மீனும் இறால், நண்டு போன்ற ஓட்டுடலிகளும் ஆகிய ஆறு வகைகளை ஆறு முதல் எட்டு வாரம் முற்றிலும் விலக்கி, திசுப் பரிசோதனையில் நோய் அடங்கியது தெரிந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது பழைய முறை. ஒவ்வொன்றைச் சேர்த்த பின்னும் மீண்டும் எண்டோஸ்கோப்பி தேவைப்படும் என்பதே இதன் பெரிய சுமை. தோலில் குத்திச் செய்யும் அலர்ஜி சோதனையோ ரத்தச் சோதனையோ குற்றவாளியை நம்பகமாகக் காட்டித் தருவதில்லை. அவற்றின் பட்டியலை வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து உணவுகளை நிறுத்திவிடுவது வீண். 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 129 பெரியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பாலை மட்டும் விலக்கினார்கள், மறு பாதிக்கு ஆறையும் விலக்கினார்கள். ஆறு வாரத்தில் நோய் அடங்கியவர்கள் முறையே 34 விழுக்காடு, 40 விழுக்காடு, வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதல்ல. ஆகவே இன்று பலரும் பாலில் மட்டும் தொடங்கி, பலிக்காவிட்டால் கோதுமை, பிறகு மற்றவை என்று ஏறிச் செல்வதை விரும்புகிறார்கள். எனக்கும் அதுவே அறிவுடைமையாகப் படுகிறது.

தமிழ்ச் சமையலறையில் பாலை விலக்குவது சொல்வதுபோல் எளிதல்ல. காபி, தேநீர், தயிர், மோர், வெண்ணெய், பன்னீர், பால்கோவா ஆகியவை எல்லாருக்கும் தெரிந்தவை; பொங்கலில் விடும் நெய்யும், கடையில் வாங்கும் பிஸ்கட்டும், சத்துமாவுப் பானங்களும் மறந்துபோகின்றன. தயிராகப் புளித்துவிட்டதால் பால் புரதம் போய்விடுவதில்லை. லாக்டோஸ் நீக்கிய பாலும் பயன்படாது. இங்கே தொல்லை செய்வது சர்க்கரை அல்ல, புரதம். ஆட்டுப்பாலின் புரதமும் பசும்பாலுடையதை ஒத்ததே. தேங்காய்ப்பாலுக்குத் தடையில்லை. கோதுமையை விலக்குவோர் சப்பாத்தி, பரோட்டா ஆகியவற்றோடு ரவை, சேமியா, மைதாப் பண்டங்களையும் நினைவில் கொள்ள வேண்டும். கடைப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது வழக்கம் என்பதால் சாம்பார்கூட அந்தப் பட்டியலில் வந்துவிடும். அரிசியை அடிப்படையாகக் கொண்ட உணவு நமக்கு இதில் பெரிய வசதி. பருப்பு வகைகளைப் பொறுத்தவரை, அமெரிக்கப் பட்டியலில் அவை இல்லாவிட்டாலும் ஸ்பெயினில் செய்த ஆய்வில் அவற்றையும் விலக்கிப் பார்த்தார்கள். பருப்பில்லாத நாளே இல்லாத நம் சமையலுக்கு இதைக் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. பால் நின்றால் கால்சியத்துக்குக் கேழ்வரகு, எள், கீரை ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பயணமும் வெளிச்சாப்பாடும் மிகுந்தவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது என்று ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

டுபிலுமாப், அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13 ஆகியவற்றின் செயலை மறிக்கும் ஊசி. அமெரிக்காவில் 2022 மே மாதம் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றது. பெரியவர்களுக்கு வாரம் ஒருமுறை 300 மில்லிகிராம் தோலுக்கடியில் போடப்படுகிறது. ஆய்வில் 24 வாரத்தில் சுமார் 60 விழுக்காட்டினருக்குத் திசு அளவில் நோய் அடங்கியது. விலை மிக அதிகம். மற்றவை பலிக்காதவர்களுக்கும், கடுமையான ஆஸ்துமாவோ தோல் கரப்பானோ கூடவே உள்ளவர்களுக்கும் இதை முதலில் எண்ணிப் பார்க்கலாம்.

குறுகிய குழாயை விரித்தல்

உணவுக்குழாயின் உள்விட்டம் சுமார் 13 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் திட உணவு சிக்கத் தொடங்குகிறது. அப்போது பலூனாலோ கூம்பு வடிவக் குழாயாலோ மெல்ல விரிக்கிறார்கள். ஒரே அமர்வில் முழுவதையும் விரிக்காமல், சில வார இடைவெளியில் இரண்டு மூன்று மில்லிமீட்டராகக் கூட்டி, 16 முதல் 18 மில்லிமீட்டர் வரை கொண்டுசெல்வது நோக்கம். குழாய் கிழிந்துவிடும் என்ற அச்சம் முன்பு பெரிதாக இருந்தது; இப்போது தெரியவந்துள்ளபடி அது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது. விரித்த பின் ஓரிரு நாள் நெஞ்சு வலிப்பது சாதாரணம். வலி கடுமையாகிக்கொண்டே போனாலோ, காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வந்தாலோ உடனே திரும்பிச் செல்ல வேண்டும்.

விரித்த மறுவாரமே உணவு தடையின்றி இறங்கும். ஆனால் இது அழற்சியைத் தொடுவதே இல்லை. சிரமம் தீர்ந்தது என்று மருந்தை நிறுத்துபவர் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ அதே மேசைக்குத் திரும்புகிறார்.

தொடர் கண்காணிப்பு

இந்த நோயில் அறிகுறியும் திசுவின் நிலையும் ஒன்றாகப் போவதில்லை. நன்றாக விழுங்குகிறவரின் குழாயில் அணுக்கள் குவிந்திருக்கலாம். அழற்சி முற்றிலும் அடங்கியவருக்குத் தழும்பினால் உணவு சிக்கலாம். ஆகவே எந்தச் சிகிச்சையைத் தொடங்கினாலும் மாற்றினாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் மீண்டும் எண்டோஸ்கோப்பியும் பயாப்ஸியும் செய்து பார்ப்பது முறை. எண்ணிக்கை 15க்குக் கீழே வந்திருக்கிறதா, வீக்கம், வளையம், வெண்படிவு, நீள்பள்ளம், குறுக்கம் என்ற ஐந்தும் எப்படி உள்ளன, உங்களால் இயல்பாகச் சாப்பிட முடிகிறதா என்ற மூன்றையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். நோய் அடங்கிய பிறகு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் பெரும்பாலோருக்குப் போதும். நலமாக இருக்கும் ஒருவரை மயக்க மருந்து கொடுத்துச் சோதிப்பது மிகையாகத் தோன்றலாம். தழும்பு வலியின்றி வளர்வதால் வேறு வழியில்லை.

உணவு சிக்கிக்கொண்டால்

உமிழ்நீரைக்கூட விழுங்க முடியாமல் வாய்வழியே வழிந்தால் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அத்தகைய முழு அடைப்பை ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். உமிழ்நீர் இறங்குகிறது, உணவு மட்டும் நிற்கிறது என்றாலும் இருபத்துநான்கு மணி நேரத்தைத் தாண்டவிடக் கூடாது. மீன்முள் சிக்கினால் சோற்று உருண்டையையோ வாழைப்பழத்தையோ விழுங்கச் சொல்வது நம் வீடுகளின் பழைய கைவைத்தியம். இங்கே அதைச் செய்தால் அடைப்பின் மேல் இன்னோர் அடைப்பு விழும், புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போகவும் கூடும். விரலைவிட்டு வாந்தி எடுப்பது அதைவிட ஆபத்தானது: குறுகி இறுகிய உணவுக்குழாய் ஓங்கரிக்கும் அழுத்தத்தில் கிழியலாம்.

சிக்கியதை எடுத்த அன்றே பயாப்ஸியும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். உணவு சிக்கி வரும் பெரியவர்களிடம் இந்த நோய் முதன்மையான காரணங்களுள் ஒன்று; எனினும் அடைப்பை நீக்கியதோடு அனுப்பிவிடுவதும், நோயாளி நிம்மதியோடு வீடு திரும்பி அடுத்த முறை சிக்கும்வரை வராமலிருப்பதும் நடக்கின்றன. அன்று எடுக்க முடியாமல் போனால், மறு எண்டோஸ்கோப்பிக்கான தேதியைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அதுவரை பி.பி.ஐ. மாத்திரையைத் தொடங்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். இடையில் அதை உட்கொண்டிருந்தால் அணுக்களின் எண்ணிக்கை தணிந்து, நோய் மறைந்து நிற்க இடமுண்டு.